தோட்டப் பட்டணமும் ஊராட்சி மன்றத்தின் வரைபடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சின்னத் தோட்டப் பட்டணம். ஒரு முச்சந்தி, இரண்டு வரிசைக் கடைகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. என் சிறு வயதில் அது முழுக்கப் பால்மரம், அதாவது ரப்பர். அம்மா அப்பா இருவரும் பால் எடுக்க மரம் வெட்டியவர்கள். இப்போது செம்பனையும் ஒவ்வொரு பகுதியாகத் தாமானாக, அதாவது வீடமைப்புக் குடியிருப்பாக, மாறிக்கொண்டு வருகிறது. நான் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். கோயில் மண்டபத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகளையும், நாங்கள் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டு வரி கட்டுகிறோம். அப்புறம் ஏன் லோங்காங் (வடிகால்) தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது?

எல்லாரும் கேட்பது இதைத்தான், அதனால் இதிலேயே தொடங்குகிறேன். கோயிலுக்குப் பின்னால் போகும் சாலையின் அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் இருக்கிறது. தோட்ட நிர்வாகம் எப்போதோ போட்டது. குறுக்களவு இரண்டடி, நானே டேப் பிடித்து அளந்தேன். மேட்டில் பால்மரம் இருந்த காலத்தில் அந்தக் குழாய் போதுமானதாக இருந்தது. மழைத் தண்ணீரில் பாதியை மண் குடித்தது, சருகு கொஞ்சம் தடுத்தது, மிச்சம் மெல்ல இறங்கி வந்தது. இன்று மேட்டில் தாமான். கூரையும் தார்ச் சாலையும் தண்ணீரைக் குடிப்பதில்லை. பெய்கிற மழை மொத்தமும் ஒரே மூச்சில் அந்த இரண்டடிக் குழாயைத் தேடி வருகிறது. குப்பையை எத்தனை தடவை வாரினாலும் வெள்ளம் வரத்தான் செய்யும், ஏனென்றால் குழாய் அடைபடவில்லை, அதன் அளவு போதவில்லை.

இதைச் சரி செய்யச் சொல்லிக் கேட்டுப் போனோம். முதல் அலுவலகம், குழாய் சாலைக்கு அடியில் இருக்கிறது, சாலை எங்களுடையது அல்ல என்றது. இரண்டாவது அலுவலகம், சாலை எங்களுடையதுதான், ஆனால் தண்ணீர் மேட்டுத் தாமானிலிருந்து வருகிறது என்றது. மூன்றாவது இடத்தில், அது தோட்ட நிலத்துக்குள் இருக்கும் பழைய குழாய், தனியார் சொத்து என்றார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு வரைபடம் கையில் இருந்தது. மூன்று துண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற மேசை ஒன்று இல்லை. எங்கள் ஊரின் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

'ஒருங்கிணைந்த திட்டமிடல்', 'நீடித்த மேம்பாடு' என்கிறார்களே, அதெல்லாம் நமக்கு எதற்கு?

மேலே சொன்ன மேசைதான் ஒருங்கிணைந்த திட்டமிடல். வடிகால், சாலை, பள்ளி, பஸ், குப்பை, வீடு எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்து, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்ப்பது. நீடித்த மேம்பாடு என்றால் இன்று கட்டுவது நாளைக்கு நம் பிள்ளைகள் தலையில் விடியக் கூடாது என்பது. மரம் நடு விழாவோடு அது முடிந்துவிடாது. 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 17 இலக்குகளில் 11-வது, நகரங்களையும் மக்கள் குடியிருப்புகளையும் பற்றியது. மக்களையும் சேர்த்துக்கொண்டு திட்டமிட வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

வீடு கட்டுகிறவர்கள் மழைத் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சட்டமே இல்லையா?

விதி இருக்கிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'மெஸ்ரா ஆலாம்' வடிகால் கையேடு 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. மேம்பாட்டுக்கு முன்னால் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வந்ததோ, மேம்பாட்டுக்குப் பின்னும் அதற்கு மேல் வரக் கூடாது என்பதுதான் அதன் சாரம். தாமான் ஓரத்தில் வேலி போட்ட குளங்களைப் பார்க்கிறோமே, அவை அதற்காகத் தோண்டியவைதான்.

ஆனால் குளம் தோண்டியதோடு வேலை முடிவதில்லை. எங்கள் தாமான் குளத்தில் செம்மண் வண்டல் படிந்து, நடுவில் ஆள் உயரத்துக்குப் புல் நிற்கிறது. போன வருடம் ஒருவர் அதில் மாடு கட்டியிருந்தார். விதியை எழுத ஓர் அலுவலகம் போதும். குளத்தை வருடா வருடம் தூர் வார, தூர் வாரியாயிற்றா என்று போய்ப் பார்க்க, இரண்டாவது தாமான் வரும்போது முதல் தாமானின் குளத்தையும் கணக்கில் சேர்க்க ஊராட்சி மன்றத்தில் ஆள் வேண்டும். 'திறன்' என்று சொல்வது இதைத்தான்.

சரி, அதிகாரிகளைப் பயிற்சிக்கு அனுப்பினால் திறன் வந்துவிடாதா?

பயிற்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சிறிய ஊராட்சி மன்றங்கள் சிலவற்றில் சொந்தமாக ஒரு நகரத் திட்டமிடுநர் கூட இருப்பதில்லை. நகரத் திட்டமிடல் இலாகாவான பிளான்மலேசியாவின் மாநில அலுவலகத்தை நம்பித்தான் காலம் ஓடுகிறது. இருக்கிற ஓரிருவரும் கோப்புக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நன்றாகக் கற்றுக்கொண்டு வருவார், நம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், மாற்றல் வந்துவிடும். அவர் தலையில் இருந்த ஊரும் அவரோடு கிளம்பிப் போய்விடும். புதிதாக வருகிறவரிடம் நாம் மறுபடியும் குழாயிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் நான் பயிற்சியைவிட நினைவைத்தான் முதலில் கேட்பேன். எந்தக் குழாய் எங்கே இருக்கிறது, எப்போது போட்டது, போன வெள்ளத்தில் எவ்வளவு உயரம் வந்தது என்று மன்றத்தின் கணினி வரைபடத்தில் பதிந்திருந்தால், யார் மாறினாலும் ஊர் மாறாது. பிளான்மலேசியாவின் முர்னிநெட்ஸ் என்ற குறியீட்டுத் தொகுப்பு ஊராட்சி மன்றங்களின் நீடித்த தன்மையை அளக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்கள் இரண்டடிக் குழாய் எந்தக் குறியீட்டிலும் வராது. அதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊர் எப்படி மாறப் போகிறது என்று எங்கே எழுதியிருக்கிறது?

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, ஒவ்வோர் ஊராட்சி மன்றத்தையும் அதன் பகுதிக்கான திட்டமிடல் அதிகாரமாக ஆக்கியிருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் கட்டமைப்புத் திட்டம் ஒன்று உண்டு. அதன் கீழ் ஊராட்சி மன்றம் தயாரிப்பது உள்ளூர்த் திட்டம். மலாயில் 'ரஞ்சாங்ஙான் தெம்பாத்தான்' என்று கேட்டால் கவுண்டரில் புரியும். எந்த லாட் (மனை) வீடாகும், எது கடையாகும், எது விவசாய நிலமாகவே இருக்கும் என்று வண்ணம் தீட்டிக் காட்டும் வரைபடம் அதில் இருக்கும். செம்பனை இருக்கும் நிலத்துக்கு அதில் வீட்டுக்கான வண்ணமா விவசாயத்துக்கான வண்ணமா என்று பாருங்கள். புல்டோசர் வரப் போவதைப் பல வருடங்களுக்கு முன்பே அந்த வண்ணம் சொல்லிவிடும்.

வரைவு தயாரானதும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணையோ கருத்தோ சொல்லக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். நேரில் பேச வேண்டும் என்று கேட்பவரை அழைத்து விசாரிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. இந்த நான்கு வாரத்தை எங்கள் ஊர் ஒரு தடவை தவறவிட்டது. அறிவிப்பு வந்தது, மன்றத்தின் வரவேற்பறையில் வரைபடம் தொங்கியது, எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஆடி மாதம், கோயில் திருவிழா வேலை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

நான் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறேன். பக்கத்து நிலத்தில் மேம்பாடு வந்தால் எனக்குக் கடிதம் வருமா?

பெரும்பாலும் வராது. இதை நம்மவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் யாராவது திட்டமிடல் அனுமதி கேட்டால், அதாவது 'கெபெனாரான் மெரஞ்சாங்', ஊராட்சி மன்றம் அக்கம்பக்கத்து நிலங்களின் சொந்தக்காரர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அக்கம்பக்கம் என்றால் ஒட்டியிருக்கும் நிலம், 20 மீட்டருக்கு மிகாத சாலையோ வாய்க்காலோ நடுவில் இருக்கும் நிலம், முட்டுச் சந்தாக இருந்தால் அதே சாலையைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். சொந்தக்காரர் என்பது நிலப் பட்டாவில் பெயர் உள்ளவர்.

இப்போது லயத்தைப் பாருங்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறோம். வாசலில் முருங்கை, பின்னால் கோழிக்கூண்டு, மூலையில் முனீஸ்வரர். ஆனால் பட்டாவில் இருப்பது தோட்டக் கம்பெனியின் பெயர். நிலத்தை விற்பதும் அவர்கள்தான், கடிதம் போவதும் அவர்களுக்குத்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்குச் சட்டத்தின் பார்வையில் அந்த நிலத்தோடு வேலை மட்டும்தான் உறவு. தோட்டத் தொழிலாளர் வீடுகளின் தரத்துக்கு 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446 இருக்கிறது, ஆனால் அதுவும் வேலை இருக்கும்வரை இருக்கும் வீட்டைப் பற்றியதுதான்.

அதனால்தான் வரைவு உள்ளூர்த் திட்டம் வரும் அந்த நான்கு வாரத்தை விடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். அப்போது கருத்துச் சொல்லப் பட்டா தேவையில்லை. 'இந்த லாட்டில் இத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, மேம்பாடு வந்தால் இவர்களுக்கு வீடமைப்புக்கு இடம் ஒதுக்க வேண்டும்' என்று அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தால் அது பதிவில் ஏறும். கட்டடம் எழும்பத் தொடங்கிய பிறகு பதாகை பிடித்தால் படம் பத்திரிகையில் வரும், வீடு வராது.

கோயில், சுடுகாடு, தமிழ்ப்பள்ளி இவையெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்குமா?

நாங்களும் இருக்கும் என்றுதான் நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி முடித்த பிள்ளைகள் எட்டுப் பேரையும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) தாத்தாவையும் கூட்டிக்கொண்டு நடந்தோம். தாத்தா முன்னால் போய் இடத்தைக் காட்டுவார், பிள்ளைகள் கைப்பேசியில் புள்ளி வைத்துப் படம் எடுப்பார்கள். ஆற்றோரம் செம்பனை வரிசைக்கு நடுவில் ஓர் இடத்தில் தாத்தா நின்றுவிட்டார். 'இங்கதான்யா பழைய சுடுகாடு, எங்க அம்மா இங்கதான் இருக்கு' என்றார். கீழே பார்த்தால் பாசி பிடித்த நான்கு செங்கல். அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் அந்தப் புள்ளியை வைத்தார்கள்.

அன்றைக்கு வைத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் மன்றத்தின் வரைபடத்தில் இல்லை. தோட்டக் கோயில்கள் பல தனிப் பட்டா இல்லாமல் தோட்ட நிலத்தில் எழுந்தவை. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிலும் கம்பெனி நிலத்தில் நிற்பவை உண்டு. தோட்டம் கைமாறும்போது இவை தாளில் இல்லாததால் அதிகாரியின் கண்ணுக்கும் இல்லை. பள்ளிக்குப் பிள்ளைகள் குறைந்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தால், புதிய தாமான்களுக்கு அருகில் பள்ளி நிலம் என்று உள்ளூர்த் திட்டத்தில் முன்பே குறித்திருக்க வேண்டும். கல்வி அமைச்சு மத்தியக் கூட்டரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில், வரைபடம் ஊராட்சியின் கையில். மூன்று கையும் சேரும் இடம் அந்தத் திட்டம்தான்.

புள்ளிகளை ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் படமும் இரண்டு வரி விளக்கமும் சேர்த்து மன்றத்தில் கொடுத்தோம். அங்கிருந்த இளம் திட்டமிடல் அதிகாரி ஒருவர், மலாய்க்காரப் பெண், தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் எங்களைக் கேள்வி கேட்டார். அவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்தது அக்கறையின்மையால் அல்ல. அதற்கு முன் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தோட்ட நிலத்தை யாரும் நினைத்தபடி துண்டு போட்டு விற்கலாமா?

முடியாது. 40 ஹெக்டாருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 214A பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற நில அலுவலகத்தின் வழியாக இன்னோர் அனுமதி, கட்டுவதற்கு ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் அனுமதி. இந்தப் படிகள் ஒவ்வொன்றும் நாம் கேள்வி கேட்கக் கூடிய இடம்.

மன்ற உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாதா?

இப்போது முடியாது. ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் இருந்தது. 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், சட்டம் 171, நியமன முறையை நிலைநாட்டிவிட்டது. ஒரு மன்றத்துக்குத் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள். மாநில அரசு நியமிக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், தேர்தல் திரும்ப வர வேண்டும். அதுவரை கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்வோம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. உங்கள் வட்டாரத்து உறுப்பினர் எங்கே குடியிருக்கிறார், கடைசியாக எப்போது லயத்துப் பக்கம் வந்தார் என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை.

இப்படி மக்களைச் சேர்த்துக்கொண்டு வேறு எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

மலேசியாவிலேயே உண்டு. 1992-இல் ரியோ மாநாட்டில் நாடுகள் ஏற்ற நீடித்த மேம்பாட்டுச் செயல்திட்டமான ஏஜெண்டா 21-இல், 28-வது அத்தியாயம் ஊராட்சி மன்றங்களுக்கு என்றே எழுதப்பட்டது. மலேசியாவில் 2000-இல் பெட்டாலிங் ஜெயா, மிரி, குவாந்தான், கிரியான் ஆகிய நான்கு ஊராட்சிகளில் அதைச் சோதனையாகத் தொடங்கினார்கள். கிரியான் நம் பேராக்கில்தான் இருக்கிறது. பாரிட் புந்தாரும் பாகான் செராயும் அதற்குள் வரும், நெல் வயலும் தோட்டமும் கலந்த ஊர். பெரிய நகரத்துக்குத்தான் இதெல்லாம் சரிப்படும் என்று சொல்பவர்களுக்கு நான் கிரியானைத்தான் காட்டுவேன். பினாங்கில் 2012-இல் மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பெண்கள், ஆண்கள், முதியோர், இளையோர் என்று தனித் தனியாகத் தேவையைக் கேட்டு, எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்று குடியிருப்பாளர்களையே முடிவு செய்ய வைத்தார்கள். தனித் தனியாகக் கேட்பது முக்கியம். எங்கள் கூட்டத்தில் ஆண்கள் பேசி முடித்த பிறகுதான் ஓர் அக்கா எழுந்து, பஸ் நிறுத்தத்தில் விளக்கு இல்லை, இரவு ஷிப்ட் முடிந்து வரப் பயமாக இருக்கிறது என்றார். எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை.

மன்றத்திடம் பணம் இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. வீட்டு வரி, உரிமக் கட்டணம், அரசு மானியம் இவைதான் வருமானம். கடைகளும் தொழிற்சாலைகளும் குறைந்த ஊரில் வரியும் குறைவு. பேராக்கில் குப்பை அள்ளும் செலவும் மன்றத்தின் தலையில்தான், ஏனென்றால் குப்பை வேலையைக் கூட்டரசிடம் ஒப்படைக்கும் திடக்கழிவுச் சட்டம் 672-ஐ ஏற்ற மாநிலங்களில் பேராக் இல்லை. ஆனால் நாங்கள் கேட்டதில் பாதிக்குப் பணமே தேவையில்லை. புள்ளி வைத்த வரைபடத்தை ஏற்றுக்கொள்ள என்ன செலவு?

எனக்கு மலாய் எழுதத் தடுமாறும். ஆட்சேபணையை எப்படி எழுதுவது?

மூன்று வரி போதும். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள். எந்த லாட், வரைவில் எந்தப் பக்கம். என்ன மாற்றம் வேண்டும். கோபத்தை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். எழுதித் தர சனிக்கிழமை மாலைகளில் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) நம் பிள்ளைகள் இருப்பார்கள். நகல் ஒன்றில் மன்றத்தின் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

மன்றக் கூட்டத்துக்குள் நாம் போகலாமா?

போகலாம். முழு மன்றக் கூட்டம் மாதம் ஒரு தடவையாவது நடக்க வேண்டும். தீர்மானம் போட்டு மூடினால் தவிர, அது பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் 171 சொல்கிறது. பேச முடியாது, உட்கார்ந்து கேட்கலாம். நாங்கள் முதல் தடவை போனபோது எங்களை எங்கே உட்கார வைப்பது என்று காவலாளிக்கே தெரியவில்லை. இப்போது பின்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறார்கள்.

அந்த இரண்டடிக் குழாய் என்ன ஆயிற்று?

இன்னும் மாற்றவில்லை. ஆனால் மன்றத்தின் பொறியாளர் வந்து பார்த்தார், மேட்டுத் தாமானின் குளத்தையும் சேர்த்தே பார்த்தார். வெள்ளம் எவ்வளவு உயரம் வருகிறது என்று கேட்டார். கோயில் பின்சுவரில் நாங்கள் பெயிண்டில் அரையடிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெரிய மழைக்கும் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறோம். அவர் அதை முதல் பக்கத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருடச் செலவுத் திட்டத்தில் குழாயைச் சேர்க்கப் பரிந்துரைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டுப் புத்தகம் கோயில் அலுவலக ஆணியில் தொங்குகிறது, பேனாவும் நூலில் கட்டியிருக்கிறது. மழை பெய்யும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் எழுதலாம். தேதி, நேரம், எந்தக் கோடு. கையெழுத்து வேண்டாம்.